கடமை இல்லாதவள்

இல்ஹாம் நல்ல செய்தியோடு வீட்டுக்குள் நுழைந்தால் ஜெஸீமாவுக்குப் பயம் வரும். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவன் கொண்டுவந்த நல்ல செய்திகளின் இலட்சணம் அப்படி. ஆள் கெட்டவன் இல்லை. கிண்ணியாத் துறையடியில் மோட்டார் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கிறான், ஊர்வம்புக்குப் போகமாட்டான், மனைவிக்குக் கை நீட்டமாட்டான். ஆனால் ஒரு விஷயத்தை எப்படிக் கேட்கக் கூடாதோ அச்சொட்டாக அப்படியே போய்க் கேட்டு, கிடைத்த பதிலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வருவான்.

நோன்புக்கு முதல் நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தவன் செருப்பைக் கழற்ற முன்னமே சொன்னான்.

"மௌலவியிட்டக் கேட்டன் புள்ள. உனக்கு ஒண்டும் இல்லயாம்."

ஜெஸீமா குசினியில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஒண்டும் இல்லயாம் எண்டா?"

"நோன்பும் இல்ல, பித்யாவும் இல்ல. உனக்குக் கடமையே இல்லயாம்."

சுளகு அப்படியே நின்றது.

அவள் புடைத்துக்கொண்டிருந்ததே அந்தப் பித்யா அரிசியைத்தான். மாறாத நோய் வருத்தத்தால் நோன்பு பிடிக்க ஏலாதவர்கள், தவறுகிற ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு ஒரு நாள் அரிசி கொடுக்க வேண்டும். அதுதான் பித்யா. ஜெஸீமாவின் உம்மா சீனி வருத்தக்காரி. கடைசி எட்டு வருஷமும் அவர் நோன்புக்குப் பதில் அரிசிதான் கொடுத்தார், அதையும் தன் கையால் அளந்துதான் கொடுத்தார். இந்த வருஷம் ஜெஸீமாவின் முறை. அவள் போடுகிற லித்தியம் குளிசைக்கு உடம்பில் தண்ணீர் குறையவே கூடாது என்று திருமலைக் கிளினிக் டொக்டர் தலைப்பாடாகச் சொல்லியிருந்தார். போன வருஷம் அதைக் கேட்காமல் கள்ளமாக நோன்பு பிடித்து, ஆறாம் நாள் கைகால் நடுங்கி, சத்தி எடுத்து, சேலைன் ஏற்றுகிற அளவுக்குப் போனதால் இந்த வருஷம் அவள் வாக்குவாதம் பண்ணவில்லை. சரி, நோன்பு இல்லாவிட்டால் அரிசி. அதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று நாட்டரிசி அரை மூடை எடுத்து வைத்திருந்தாள்.

"நீங்க மௌலவியிட்ட என்னெண்டு கேட்டீங்க?"

"உள்ளதைத்தான் கேட்டன். மனிசிக்குப் புத்தியில சுகமில்ல, குளிசையில இரிக்கிறா, நோன்பு பிடிக்க ஏலாது, என்ன செய்யிற எண்டு கேட்டன்."

"அதுக்கு?"

"புத்தி சரியில்லாதவங்களுக்கு மார்க்கத்தில கடமையே இல்ல எண்டார். சின்னப் புள்ளையள் மாதிரியாம். தொழுகை கூட இல்லயாம். எவ்வளவு லேசு பாத்தியா."

அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மனைவியின் தலையிலிருந்து பெரிய பாரத்தை இறக்கிவிட்டானாம். ஜெஸீமாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது வயதில், ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்து, வீட்டில் உப்பு முடிகிற நாள் வரைக்கும் மனதில் வைத்துக்கொண்டு நடக்கிற ஒருத்தியை ஒரே சொல்லில் தொட்டில் பிள்ளையாக்கிவிட்டு வந்து நிற்கிறான்.

"உம்மாவுக்குச் சீனி எண்டா பித்யா. எனக்கு வருத்தம் எண்டா நான் கணக்கிலயே இல்லாத ஆளா? எனக்குப் புத்தி இல்ல எண்டு பள்ளியில போய்ச் சொல்லிட்டு வந்திரிக்கிறீங்களா?"

குரல் உயர்ந்துவிட்டது. உயர்ந்ததும் அவன் முகம் மாறியது. அவளுக்குத் தெரியும் அடுத்து என்ன வருமென்று.

"குளிசை போட்டாயா புள்ள?"

இந்த வீட்டில் அவள் பேச்சுக்கு வைக்கிற முற்றுப்புள்ளி அதுதான். சூடை மீன் பழசு என்று மீன்காரனோடு வாதாடினால் குளிசை போட்டாயா. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் கொஞ்சம் சத்தமாகச் சிரித்துவிட்டால் போதும், மூத்த சகோதரி பஸ்மியா முழங்கையால் இடித்து அதையே கேட்பாள். வருத்தம் வர முன்னம் ஜெஸீமாவும் இல்ஹாமும் சண்டை பிடித்தால் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கேட்கும். மனநோய் வார்ட்டிலிருந்து அவள் வந்த நாளிலிருந்து அவன் சண்டை பிடிப்பதையே விட்டுவிட்டான். என்ன சொன்னாலும் ஓம் ஓம் என்று தலையாட்டுவான், பிறகு மெதுவாகப் போய்க் குளிசைப் பெட்டியைத் திறந்து பார்ப்பான். சுகமாகி இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் யாரும் அவளோடு ஒரு நல்ல சண்டை பிடிக்கவில்லை.

"போட்டன்," என்றாள். அரிசியைத் தொடர்ந்து புடைத்தாள்.

*

மௌலவி என்ன சொன்னால் என்ன, கேட்ட கேள்வி பிழை என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே முதல் நோன்பு அன்று, குசினி யன்னலைச் சாத்திக்கொண்டு களவாகச் சாப்பிட்டு, குளிசையும் போட்டு, ஒரு போத்தல் தண்ணீரையும் குடித்துவிட்டு, முக்கால் கிலோ அரிசியை அளந்து பையில் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். நாளுக்கு நாள் கொடுப்பதுதான் அவளுடைய எண்ணம். முப்பது நாளும் மற்றவர்கள் பசியோடு இருக்கிறார்கள், முப்பது நாளும் தானும் ஏதாவது செய்ய வேண்டும்.

ஒழுங்கை முடிவில் லைலாவின் வீடு. லைலா புருஷனை இழந்து, ஒரே மகளோடு இருக்கிறவள். நோன்பு மாதத்தில் பின்னேரம் சமூசா பொரித்து விற்பாள், மற்ற நாட்களில் இடியப்பம். பித்யா வாங்க அவளைவிடப் பொருத்தமான ஆள் அந்த ஒழுங்கையில் இல்லை. அவள் மா குழைத்துக்கொண்டிருந்தாள். ஜெஸீமாவைக் கண்டதும் கையைக் கழுவவுமில்லை, எழும்பவுமில்லை.

"லைலா, இது என்ட பித்யா. இண்டையான் நோன்புக்கு."

"உங்களுக்குத்தான் கடமை இல்லயாமே."

"ஆர் சொன்ன?"

"உங்கட மாப்பிள்ளை கடையில சொல்லியிரிக்கிறார். ஊருக்கே தெரியும்." லைலா மாவைப் புரட்டிப் போட்டாள். "கடமை இல்லாத ஆளிட்டப் பித்யா வாங்கி நான் என்ன செய்யிற."

"அவர் பிழையாக் கேட்டிட்டு வந்திரிக்கிறார்."

"அது உங்கட வீட்டுக் கதை. உங்கட வீட்டுச் சாமான் எனக்கு வேணாம், ஜெஸீமா. பிறகு ஆரும் வந்து திருப்பிக் கேப்பாங்க."

ஜெஸீமாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. லைலா சொன்னது வெறும் பேச்சு இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னம் வருத்தம் தலைக்கேறி ஒன்பது நாள் நித்திரையில்லாமல் இருந்தபோது ஜெஸீமா வீட்டிலிருந்ததை எல்லாம் வாரிவாரி ஊருக்குக் கொடுத்தாள். காப்பு ஒருத்திக்கு, சுவர்மணிக்கூடு இன்னொருத்திக்கு, தையல் மெஷின் லைலாவுக்கு. அவளை வார்ட்டில் விட்டுவிட்டு வந்த அன்றே பஸ்மியா ஓர் ஓட்டோ பிடித்து வீடு வீடாகப் போய் எல்லாவற்றையும் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தாள். அதிலிருந்து இந்த ஒழுங்கையில் ஜெஸீமாவின் கையால் ஒரு கறிவேப்பிலை இணுக்கைக் கூட யாரும் வாங்குவதில்லை.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஒழுங்கைக்குப் போனாள். அங்கே ஒரு வயதான புருஷன் பெண்சாதி, பிள்ளைகள் கைவிட்டவர்கள். கிழவி பல் தெரியச் சிரித்து, "அல்லாஹ் உங்களுக்குச் சுகத்தைத் தரட்டும் மகள்," என்று அரிசியை வாங்கிக்கொண்டாள். ஜெஸீமா சந்தோஷத்தில் மிதந்தபடி வீட்டுக்கு வந்தாள். ஒரு மணித்தியாலம் கூட ஆகவில்லை, அதே பை, அதே முடிச்சு, பஸ்மியாவின் கையில் வாசலில் நிற்கிறது. கிழவி அரிசியை நேரே கொண்டுபோய் மூத்தவளிடம் ஒப்படைத்திருக்கிறாள், நல்ல மனிசி.

"திரும்பவும் தொடங்கிட்டாய்," என்றாள் பஸ்மியா. அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்கத்தான் ஜெஸீமாவுக்கு எரிச்சல் கூடியது. திட்டுகிறவளாக இருந்தால் பதிலுக்குத் திட்டலாம்.

"ராத்தா, இது குடுத்து முடிக்கிற பைத்தியம் இல்ல. இது பித்யா."

"கடமை இல்லாத பித்யாவை ஏன் குடுக்கிற? அதுதானே வருத்தம்."

"எனக்குக் கடமை இரிக்கி."

"இல்ல எண்டு மௌலவியே சொல்லிட்டார். அதையும் கேக்கமாட்டன் எண்டு நிக்கிறாய். போன முறையும் இப்பிடித்தான், ஆர் சொல்லியும் கேக்கல்ல."

இதற்கு மேல் என்ன பேசுவது? புத்தி இருக்கிறது என்று சொன்னால் அது புத்தி இல்லாததற்கு அடையாளம். பேசாமல் இருந்தால் புத்தி இல்லை என்று ஒத்துக்கொண்ட மாதிரி. கோபப்பட்டால் குளிசை. அழுதால் கிளினிக். ஜெஸீமா கதிரையில் இருந்து யோசித்துப் பார்த்தாள், சுகமான ஆள் என்று காட்டுவதற்கு இந்த வீட்டில் ஒரு வழியும் திறந்திருக்கவில்லை. அவளுக்குச் சுவரில் தலையை மோத வேண்டும் போல வந்தது. அதையும் செய்ய ஏலாது, நேரே வார்ட்டுதான்.

பஸ்மியா உள்ளே போய் மகள் றுமானாவின் அறையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தாள். மகளின் சித்திரக் கொப்பி என்றுதான் ஜெஸீமா இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். அதற்குள் தேதி தேதியாக எழுதியிருந்தது: உம்மா படுத்த நேரம், உம்மா எழும்பிய நேரம். பெரியம்மா சொல்லிக் கொடுத்து, பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரு வருஷமாக வாசலில் நின்று பார்த்து எழுதியிருக்கிறது. எழுத்து வடிவாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு.

அதைப் பார்த்ததும் ஜெஸீமாவுக்குக் கோபம் கூட வரவில்லை.

"டொக்டரிட்டப் போவம்," என்றாள் அவளாகவே. "இந்தக் கொப்பியையும் எடுங்க."

*

மூன்றாம் நோன்பு கிளினிக் நாள். இல்ஹாம் கடையைப் பூட்டிவிட்டு வந்தான். பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போதே வெயில் சுட்டது. சீனக்குடாவைத் தாண்டும்போது ஜெஸீமாவின் நாக்கு வறண்டுவிட்டது. பஸ் நிறைய நோன்பாளிகள். போத்தலை எடுத்தால் பஸ்மியா தன் முந்தானையை விரித்து மறைக்கிறாள், இல்ஹாம் எழும்பி முன்னால் நின்றுகொள்கிறான். குடும்பமே சேர்ந்து ஏதோ களவு செய்கிற மாதிரி. எதிர்ச் சீற்றிலிருந்த மனிசி கூர்ந்து பார்த்தாள். ஜெஸீமா முந்தானையைத் தள்ளிவிட்டு, "எனக்கு வருத்தம், மருந்து போடுறன், தண்ணி குடிக்கோணும்," என்று சொல்லிவிட்டு மடமடவென்று குடித்தாள். அந்த மனிசி தலையசைத்துவிட்டு வெளியே துறைமுகத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். பஸ்மியாதான் மிச்சத் தூரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

டொக்டர் கீர்த்தனி திருமலை டவுனைச் சேர்ந்தவர், இரண்டு வருஷமாக ஜெஸீமாவைப் பார்க்கிறவர். ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேரைப் பார்த்து முடிக்கிற அவசரத்தில் சிரிக்க நேரம் இல்லாத ஆள். கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"பத்து மணிக்குப் படுத்தா, ஆறரைக்கு எழும்பினா. பத்து, ஆறரை. பத்தரை, ஆறரை." நிமிர்ந்து பஸ்மியாவைப் பார்த்தார். "எனக்கு இப்பிடி நித்திரை வந்தால் நான் கோயிலுக்குப் பொங்கல் வைப்பன் அம்மா. ரத்தத்தில மருந்தும் நல்ல அளவாத்தான் இருக்கு. ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"அரிசி குடுக்கத் தொடங்கிட்டா டொக்டர். வீடு வீடா."

"எவ்வளவு?"

"முக்கால் கிலோ," என்றாள் ஜெஸீமா.

டொக்டர் பேனையை வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார். கேட்டு முடிய இல்ஹாமைப் பார்த்தார். "சீனி வருத்தக்காரர் நோன்பு பிடிக்க ஏலாட்டி என்ன செய்வினம்?"

"பித்யா குடுப்பாங்க."

"அப்ப இதுவும் அப்பிடி ஒரு வருத்தம் எண்டு சொல்லியிருக்கலாமே."

"இது புத்தியில..." என்று இழுத்தான் இல்ஹாம்.

"அவவுக்குப் புத்தி இருக்கு. கோவமும் இருக்கு. ரெண்டுக்கும் என்னட்ட மருந்து இல்லை."

ஜெஸீமா கதிரை நுனிக்கு வந்துவிட்டாள். "அதை எழுதித் தாங்க டொக்டர். எனக்குப் புத்தி இரிக்கி எண்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தித் தாங்க."

டொக்டர் ஒரு துண்டை இழுத்து எடுத்தார். "நீங்கள் நோன்பு பிடிக்கப்படாது எண்டு எழுதலாம். கடமை இருக்கோ இல்லையோ எண்டது எங்கட புத்தகத்தில இல்லை. நான் எழுதினாலும் பள்ளிவாசல்ல செல்லுமோ தெரியாது." ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி முத்திரை குத்தித் தந்தார். வெளியே வந்து ஜெஸீமா அதை இல்ஹாமிடம் வாசிக்கச் சொன்னாள். மருந்தின் பெயர் இருந்தது, தண்ணீர் இருந்தது, நோன்பு இருந்தது. புத்தி இல்லை.

நடையோரத்தில் நின்று ஜெஸீமா அழுதாள். கவலையில் இல்லை, சுத்தமான ஆத்திரத்தில். ஆத்திரத்தில் வருகிற கண்ணீரும் கவலையில் வருகிற கண்ணீரும் பார்க்க ஒன்றாகத்தான் இருக்கும் என்பது அவளுடைய இன்னொரு கஷ்டம். பஸ்மியா தோளைத் தடவினாள். "சரி சரி. வீட்ட போய்க் கொஞ்சம் படு."

"வீட்ட இல்ல," என்றாள். "மௌலவியிட்ட. நானே கேக்கப் போறன்."

இல்ஹாமும் பஸ்மியாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையும் அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் டொக்டர் சொன்ன பிறகு அதில் பழைய பலம் இல்லை. பஸ்ஸிலிருந்து பள்ளியடியில் அவள் இறங்கியபோது பஸ்மியா இறங்காமல் நேரே வீட்டுக்குப் போய்விட்டாள். இல்ஹாம் இறங்கினான். அவனுடைய நல்ல குணங்களில் அதுவும் ஒன்று, எங்கே போனாலும் பின்னால் வருவான்.

*

மௌலவி முப்பது வயதைத் தாண்டாத ஆள். மத்தியான லுஹர் தொழுவித்துவிட்டு வீட்டு விறாந்தையில் இருந்தார், அவருடைய மனைவி உள்வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு இருந்துகொண்டார். நோன்புக் களைப்பு இருவர் முகத்திலும் தெரிந்தது. ஜெஸீமா டொக்டரின் துண்டை நீட்டினாள். அவர் வாசித்துவிட்டு இல்ஹாமைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

"இதைத்தானே அண்டைக்கும் சொன்னீங்க. நானும் சொன்னனே, அவங்களுக்கு..."

"ஹஸரத்," என்றாள் ஜெஸீமா. "நான் இஞ்ச இரிக்கிறன். என்னட்டக் கேளுங்க."

இல்ஹாம் இருமினான். மௌலவி முகம் சிவக்க, துண்டை மடித்து அவளிடமே நீட்டினார். "உங்கட மாப்பிள்ளை புத்தி சரியில்ல எண்டார். புத்தி இல்லாதவங்களுக்கு உள்ள சட்டத்தை நான் சொன்னன்."

"எனக்கு அந்தச் சட்டம் சரியா எண்டு நீங்க என்னை ஒரு சொல் கேக்கல்ல."

"கேட்டிரிக்கோணும்," என்றார் மௌலவி. கஷ்டப்பட்டுத்தான் சொன்னார், ஆனால் சொன்னார். "சரி, இப்ப கேக்கிறன். ஏன் நோன்பு பிடிக்கல்ல?"

"நான் போடுற குளிசைக்கு உடம்பில தண்ணி குறையப்படாது. குறைஞ்சா மருந்தே நஞ்சாகிடும். போன வருஷம் பிடிச்சுப் பாத்தன், ஆறாம் நோன்பில வார்ட்டில கிடந்தன்."

"குளிசையை ஒரு மாசம் நிப்பாட்டினா?"

"நிப்பாட்டினா புத்தி போயிடும். புத்தி போன பிறகு நோன்பு ஆருக்கு ஹஸரத்?"

உள்வாசலிலிருந்த மௌலவியின் மனைவி சிரித்துவிட்டார். மௌலவிக்கும் உதட்டோரம் அசைந்தது. அதன் பிறகு அவர் இல்ஹாமின் பக்கம் திரும்பவே இல்லை.

"உங்களுக்குக் கடமை இரிக்கி," என்றார். "இந்த மாசம் முழுக்கப் பித்யா. போன வருஷம் தவறின நோன்புக்கும் பித்யா. தொழுகை ஒழுங்காத் தொழுறீங்களா?"

"விடியச் சுபஹு தவறும். மருந்து நித்திரை."

"எழும்பின உடனே தொழுதிடுங்க. ரெண்டு வருஷத்தில விட்டதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பித் தொழுது கழா செய்யோணும். வார்ட்டில உங்கட நினைவு உங்களிட்ட இல்லாமக் கிடந்த நாளை மட்டும் கழிச்சிடுங்க. அதுக்கு அல்லாஹ்விட்டக் கேள்வி இல்ல. மத்த எல்லாத்துக்கும் இரிக்கி."

"ஹஸரத், அவவுக்கு அவ்வளவு பாரத்தை..." என்று இல்ஹாம் தொடங்கினான்.

"கழா பாரமில்ல," என்றாள் ஜெஸீமா. அவளுக்கு எழும்பி லைலாவிடம் ஓட வேண்டும் போல இருந்தது. இரண்டு வருஷத் தொழுகை, இரண்டு வருஷ நோன்பு, இவ்வளவு கடனையும் ஒருத்தியின் தலையில் ஏற்றி அனுப்பினால் அழுதுகொண்டு போக வேண்டும். அவளோ பாயிலிருந்து எழும்பும்போதே சந்தோஷமாக அரிசிக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டாள்.

*

வீட்டுக்குப் போய் மூன்று நாள் அரிசியையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு நேரே லைலாவிடம் போனாள். இல்ஹாமும் வந்தான். லைலா அடுப்பு மூட்டி எண்ணெய் காய வைத்துக்கொண்டிருந்தாள். பொரிக்க ஆயத்தமாகச் சமூசாக்கள் ஒரு தட்டு நிறைய இருந்தன.

"லைலா, எடுங்க," என்றான் இல்ஹாம் முந்திக்கொண்டு. "மௌலவி இப்ப கடமை இரிக்கி எண்டு சொல்லிட்டார். நான்தான் பிழையாக் கேட்டிட்டன்."

"மௌலவி சொன்னா நான் வாங்கோணுமா?"

"இல்ல, நாங்க ஆரும் பிறகு வந்து திருப்பிக் கேக்கமாட்டம். அதுக்கு நான் பொறுப்பு."

லைலா எண்ணெய்ச் சட்டிப் பக்கம் திரும்பிவிட்டாள். ஜெஸீமா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க ரோட்டடிக்குப் போய் நில்லுங்க. இது எங்கட கதை." அவன் தயங்கித் தயங்கிப் போனான்.

அவன் போன பிறகும் லைலா எண்ணெயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெஸீமா பையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"மெஷினைத் தந்த அண்டைக்கு என்ட மகள் ராவெல்லாம் படுக்கல்ல," என்றாள் லைலா கடைசியில். "பெருநாளுக்குத் தனக்கு ஒண்டு தைக்கிறன் எண்டு துணி வெட்டி வச்சிட்டாள். மத்த நாள் உங்கட ராத்தா வந்தா. ஒழுங்கைச் சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிக்க, நாங்க களவெடுத்த சாமான் மாதிரித் தூக்கி ஓட்டோவில ஏத்தினா. ஊசியில நூல் கோத்தபடி."

ஜெஸீமாவின் வாய்க்கு வந்தது ஒரே ஒரு சொல். வருத்தம். அந்தச் சொல்லைச் சொல்லி எல்லாரிடமும் தப்பியிருக்கிறாள். இல்ஹாமின் உம்மாவை வாயில் வந்தபடி பேசியதற்கும் அதுதான், றுமானாவின் பள்ளிக்கூடத்தில் போய்க் கத்தியதற்கும் அதுதான். மன்னிச்சிக்கங்க என்று அவள் வாயெடுக்க முன்னமே ஐயோ அது நீயா, அது வருத்தம்தானே என்று எல்லாரும் கையைப் பிடித்துக்கொள்வார்கள். மன்னித்தவர் ஒருவருமில்லை, குற்றம் சாட்டியவரும் ஒருவருமில்லை.

சொல்ல அவள் வாயைத் திறக்கும்போது லைலாவே அதைச் சொல்லிவிட்டாள்.

"வருத்தத்தில தந்தீங்க. சரி. அது எனக்கும் விளங்கும். உங்கட ராத்தா வந்து தூக்கினா. அப்ப நீங்க வார்ட்டில, அதுவும் சரி." அகப்பையை அடுப்புக் கல்லில் வைத்தாள். "சுகமாகி வந்த பிறகு? ரெண்டு வருஷமா இந்த ஒழுங்கையாலதான் கடைக்குப் போறீங்க, வாறீங்க. ஒரு நாள், ஒரு நாளாவது இந்த வாசல்ல நிண்டு லைலா எண்டு கூப்பிட்டீங்களா? நான் நிக்கிறதைக் கண்டா அங்கால பாத்துக்கொண்டு போவீங்க. அதுவும் வருத்தமா?"

எண்ணெய் புகையத் தொடங்கியிருந்தது. லைலா அதைப் பார்க்கவில்லை. ஜெஸீமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பதில் வேண்டும் என்று. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தர் அவளிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் குளிசைப் பெட்டியைத் தேடாமல் பதிலுக்குக் காத்து நிற்கிறார்.

ஜெஸீமாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. அவளுக்கு அந்த நாட்கள் எல்லாம் நல்ல ஞாபகம். தலை தெளிவாக, பத்து மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழும்பி, கடைக்குப் போகும்போது லைலாவின் வேலியைக் கண்டதும் வேண்டுமென்றேதான் முகத்தைத் திருப்பினாள்.

"இல்ல," என்றாள். "அது வருத்தமில்ல. அது நான்தான்."

"ஏன்?"

"வெக்கம். உங்கட முகத்தைப் பாக்க ஏலாம இரிந்திச்சு. நீங்களாப் பேசுவீங்க எண்டு விட்டுட்டன். நான் செய்தது பிழை லைலா. என்னை மன்னிக்கோணும்."

லைலா சட்டியை இறக்கி வைத்தாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். அது வருத்தம்தானே என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று ஜெஸீமா பயந்தபடி நின்றாள்.

"எனக்குச் சரியான கோவம் இரிந்திச்சு," என்றாள் லைலா. "இப்பவும் இரிக்கி. ஒரு நாளில போகாது." பிறகு கையை நீட்டிப் பையை வாங்கினாள். முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் கொட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நீங்க வீட்டில இதையா ஆக்கித் தின்னுற?"

"ஓம். இதே நாட்டரிசிதான்."

"அப்ப சரி. நாளைக்கு வரக்குள்ள அஸருக்கு முன்னம் வாங்க, பிறகு எனக்கு அடுப்படியால எழும்ப ஏலாது. நாளையானை நாளைக்கே தரோணும், இப்பிடி மூண்டு நாளைச் சேர்த்துக் கொண்டுவாற வேலையெல்லாம் என்னட்ட வேணாம்."

"கொண்டு வாறன்."

ஒழுங்கை முடிவில் இல்ஹாம் காத்துக்கொண்டு நின்றான். அவள் முகத்தைக் கண்டதும் அவனுடைய முகம் வெளிறியது.

"என்ன புள்ள, அழுறாய்? என்ன சொன்னா அவ?"

"ஏசினா."

"ஏசினாவா? நோன்பும் அதுவுமா ஒரு வருத்தக்காரிக்கு... நில்லு, நான் போய்க் கேட்டிட்டு வாறன்."

அவன் திரும்பி நடக்கப் போனான். ஜெஸீமா அவன் சேட்டுக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க போகத் தேவையில்ல," என்றாள். "எனக்குத்தான் ஏசினா."